மேட்ரனம்மாவும் பெரிய வெள்ளிக் கஞ்சியும்

செய்தியைக் கொண்டுவந்தவள் அருளம்மாளின் மகள் ஜெஸி. காலைப் பூசைக்குப் போய் வந்த நான் இன்னும் புடவையைக்கூட மாற்றவில்லை. கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நின்றாள். தட்டாமல் வருவதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை. அது அவளுக்கும் தெரியும். அதனால் அவள் வாய் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. காபி கேட்டாங்க. ஆத்தி எடுத்துக்கினு வர்றதுக்குள்ள..." என்றாள். பிறகு, "சர்க்கரை கம்மியாப் போடுடின்னு சொன்னாங்க. அதான் கடைசியாப் பேசினது" என்று சொல்லி அழுதாள்.

அருளம்மாள் என்றால் உங்களில் பலருக்குச் சட்டென்று தெரியாது. மேட்ரனம்மா என்றால் தெரியும். அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டை ஆண்டவர். நம் மயிலாப்பூர்ப் பங்கில் இன்று மீசை வைத்துக்கொண்டு நடமாடும் ஆண்களில் பலரை முதன்முதலில் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து அழ வைத்தது அவர் கைதான். அந்த உரிமையை அவர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அறுபத்தேழாம் ஆண்டுத் தேர்தலின்போது இரண்டு கட்சி இளைஞர்கள் அவர் வீட்டு வாசலில் ஓட்டுக் கேட்க வந்து, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டார்கள். மேட்ரனம்மா வெளியே வந்து, "டேய், உன்னையும் அவனையும் ஒரே வாரத்துல வெளிய இழுத்தவ நானு. அப்போ ரெண்டு பேரும் ஒரே கட்சிதான். அழுவுற கட்சி. போங்கடா" என்றார். இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

சிரித்த காலம் அதோடு முடிந்தது.

அந்தத் தேர்தலைப் பற்றி இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். எத்தனையோ ஆண்டுகளாக ஆண்ட கட்சி தோற்றது. என் கணவர் கதர் உடுத்தியவர். எங்கள் வீடு தோற்ற பக்கம். அந்த முடிவு சரியென்று நான் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. மேட்ரனம்மாவின் தம்பி லூர்துசாமியும் எங்கள் பக்கம். தாயில்லாத தம்பியைத் தன் இடுப்பில் வைத்து வளர்த்தவர் அக்கா. ஜெஸியின் கணவன் ஸ்டீபன், அடையாறு பஸ் டிப்போவில் மெக்கானிக், வென்ற பக்கம். ஜெஸி அப்போது நிறை கர்ப்பிணி. பிறக்கப்போகும் குழந்தையை ஞானஸ்நானத்தில் ஏந்திப் பிடிக்கும் ஞானத்தகப்பன் ஜெஸியின் தாய்மாமா லூர்துதான் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

முடிவு வந்த மாலை, ஸ்டீபனும் நண்பர்களும் மேளத்தோடு வந்து லூர்துவின் வாசலில் சரவெடி கொளுத்தினார்கள். வீட்டின் மேல் பறந்த கட்சிக் கொடி புகையோடு புகையாகக் கீழே இறங்கியது. "அந்தக் கொடிய அவுத்த கை என் வீட்டு வாசப்படி ஏறக் கூடாது" என்றார் லூர்து. "அந்த ஆளு என் புள்ளையத் தூக்கக் கூடாது" என்றான் ஸ்டீபன். தெருவே கேட்க இரண்டும் சொல்லப்பட்டன. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. தம்பி வந்தால் மகள் வர முடியாது. மகள் வந்தால் தம்பி வர மாட்டார். மேட்ரனம்மாவின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றுபோனது.

அந்த வாரங்களில் ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார்: "ஆக்னஸம்மா, கான்வென்ட்ல படிச்சவங்களுக்குக் கோவம் வந்தா வாய மூடிக்குவீங்க. எங்களுக்குக் கோவம் வந்தா வாயத் தொறப்போம். நான் பயந்துக்கினு கீறது உங்களைப் பாத்துதான். என் தம்பியும் மருமவனும் உங்கள மாதிரி ஆயிட்டாங்க." நான் அதை ரசிக்கவில்லை. ஆனால் அவர் கேலி செய்யவில்லை என்பது குரலில் தெரிந்தது. "பரலோக மந்திரம் சொல்றேன். மன்னிக்கிற இடம் வந்தா நாக்கு நிக்குது. யாருக்காக வேண்டிக்கறதுன்னு தெரியல" என்றார்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் பாதி தாண்டியிருந்தது. நம் பங்கின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்போம். பெரிய வெள்ளிக்கு முன் அதைக் கோயிலில் சேர்ப்போம். சிலுவைக்கு முத்தமிட்டு முத்தி செய்துவிட்டு, கோயில் முற்றத்தில் எல்லோரும் அந்த ஒரே கஞ்சியைக் குடித்து ஒருசந்தி நோன்பு முடிப்போம். அந்த ஆண்டு அரிசிக்கு ரேஷன் கடையில் நீண்ட வரிசை. தேர்தல் மேடைகளில் பேசப்பட்டதும் அரிசிதான். தோற்றவர்கள், "படி படியா அரிசி தர்றேன்னு சொன்னவங்க இருக்காங்களே, அவங்ககிட்டயே வாங்கிக்குங்க" என்றார்கள். வென்றவர்கள், "தோத்த வவுத்தெரிச்சல்ல குடுக்கற அரிசி நமக்கு இன்னாத்துக்கு?" என்றார்கள். இரு பக்கத்திலும் பல வீடுகளிலிருந்து அரிசி வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் வரவில்லை.

பங்குச் சாமியார் சாதுவான மனிதர். முற்றத்தின் இரண்டு பக்கமும் இரண்டு அண்டா வைத்துவிட்டால் சச்சரவு தீரும் என்று நினைத்தார். கஞ்சிப் பொறுப்பு எப்போதும் மேட்ரனம்மாவுடையது. அவர் சம்மதிக்கவில்லை. "சாமி, இந்த வருசம் ரெண்டு அண்டா வெச்சா அடுத்த வருசம் ரெண்டு பீடம் கேப்பாங்க. ஒண்ணுதான். கிண்டறதுக்கு எப்பவும் போல லூர்தும் ஸ்டீபனும் வரட்டும்."

"வருவாங்களா?"

"வராம? பெரிய வெள்ளி அன்னிக்கு என் கூப்பாடு கேட்டா கல்லறையில கீறவனும் வருவான்."

வந்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் முறை வைத்துக் கிண்டினார்கள். ஒருவர் அகப்பையைச் சுவரில் சாய்த்துவிட்டு விலகுவார். மற்றவர் வந்து சுவரிலிருந்து எடுத்துக்கொள்வார். கையிலிருந்து கைக்கு அது போகவில்லை. பெரிய வெள்ளியன்று கஞ்சி காய்ச்சுபவர்கள் ருசி பார்ப்பதில்லை, அவர்களும் ஒருசந்தி. அதனால் அரிசி மலர்ந்ததும் யார் கையில் அகப்பை இருக்கிறதோ அவர் உப்பைப் போட்டு, "உப்பு போட்டாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அந்தக் குரல் கேட்டால் மற்றவர் உப்புச் சட்டியைத் தொட மாட்டார். அன்று வழிபாட்டுக்கு நடுவே முற்றத்திலிருந்து அந்தக் குரல் வரவில்லை. எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

முத்தி முடிந்து வரிசை நின்றது. தோற்றவர்கள் வேப்பமரத்தடியில், வென்றவர்கள் மணிக்கூண்டடியில். முதல் கிண்ணம் சாமியாருக்கு. ஒரு வாய் குடித்தவர் மெதுவாகக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மேட்ரனம்மா தானே ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார். கஞ்சி உப்புக் கரித்தது. ஒரே அண்டா என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். இருவரையும் ஒன்றாக நிறுத்தியவரும் அவரே. காலையிலிருந்து பட்டினியாக நின்ற கூட்டத்தின் முன்னால், இனி தனித்தனி அண்டாதான் சரி என்று யாரும் சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் அவர் தம்பியும் மகளும் அத்தோடு இரண்டு கரை.

"யார் உப்பு போட்டது?" என்றார்.

"நான்தான்" என்றார் லூர்து. அதே நேரத்தில் ஸ்டீபனும், "நான்தான்" என்றான்.

மணிக்கூண்டுப் பக்கத்திலிருந்து, "வேணும்னே போட்டிருப்பாருப்பா, தோத்த கடுப்பு" என்று ஒரு குரல். வேப்பமரத்தடியில் சிலர் சட்டைக் கையை மடித்தார்கள். லூர்து அவர்களைப் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் முதல் முறையாக ஸ்டீபன் பக்கம் திரும்பினார்.

"நீயும் போட்டியாடா?"

"போட்டேன் மாமா. நீங்க போட்டது எனக்கு இன்னா தெரியும்? சொன்னாத்தானே?"

"உன்கிட்ட நான் எதுக்குடா சொல்லணும்?"

ஸ்டீபன் அண்டாவைக் காட்டினான். "இதோ, இதுக்குத்தான்."

முதலில் சிரித்தது ஜெஸி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உட்கார இடம் தேடிக்கொண்டு சிரித்தாள். கர்ப்பிணி சிரித்தால் யாரால் கோபமாக நிற்க முடியும்? சிரிப்பு வரிசையெல்லாம் பரவியது. மேட்ரனம்மா குரலை உயர்த்தினார். "இதுல எது லூர்து உப்பு, எது ஸ்டீபன் உப்புன்னு பிரிச்சு எடுக்கத் தெரிஞ்சவன் தனி அண்டா வெச்சுக்கோ. தெரியாதவன் வூட்டுக்குப் போய் அரிசி கொண்டா. உப்பு சரியாவணும்னா இன்னும் இவ்வளவு அரிசி வோணும். எடுத்து வெச்சுக்கினு குடுக்காதவங்க யாருன்னு எனக்குத் தெரியும். பேரு சொல்லட்டா?"

பெயர் சொல்ல அவர் காத்திருக்கவில்லை, நாங்களும் காத்திருக்கவில்லை. என் கணவர் கையை நீட்டினார். நான் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் சந்துகளுக்குள் ஓடினார்கள். டப்பாவிலும் முந்தானையிலும் பையிலும் அரிசி வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு அண்டா நிரம்பிவிட்டது. சாமியார் சொன்ன இரண்டாவது அண்டாவையும் கடைசியில் அடுப்பில் ஏற்ற வேண்டியதாயிற்று. உப்பான பழைய கஞ்சியைப் பாதிப் பாதியாக இரண்டிலும் ஊற்றிக் கலந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் நாங்கள் குடித்தோம். என் வாழ்நாளில் அத்தனை பசியோடு அத்தனை பொறுமையாக ஒரு கூட்டம் நின்றதை நான் கண்டதில்லை.

காத்திருந்த நேரம் முழுவதும் அடுப்படியில் சண்டை நடந்தது. "கொடிய நீதானே அவுத்தே?" "நான்தான் மாமா. குஷியில செஞ்சேன். தப்புதான்." "தப்புன்னு சொல்ல ஒரு மாசமா?" "நீங்க கேக்கவேயில்லியே?" அண்டாவைக் கிண்டிக்கொண்டே இரண்டு பேரும் கத்தினார்கள். அகப்பை கைமாறிக்கொண்டிருந்தது. மேட்ரனம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தலையில் முக்காட்டைச் சரி செய்துகொண்டார். "கத்தட்டும் ஆக்னஸம்மா. இப்போ எனக்கு வேண்டிக்க வருது" என்றார்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தலையைத் தாங்கிப் பிடித்தவர் லூர்துதான். அதற்காக இருவரும் ஒரே கட்சி ஆகிவிடவில்லை. அடுத்த தேர்தலிலும் எதிரெதிரே நின்றார்கள். மேட்ரனம்மாவின் ஞாயிற்றுக்கிழமைப் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து விவாதம் செய்தார்கள். குரல் மிகவும் உயர்ந்தால் அவர் குழம்புக் கரண்டியால் மேசையைத் தட்டுவார். அவர் சொன்னது எப்போதும் ஒன்றே: "சண்டை போடுங்க. பேசிக்கினே போடுங்க." ஆண்டவர் நம்மை ஒரே மாதிரி நினைக்கச் சொல்லவில்லை, ஒரே இடத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறார் என்பார். இதை நான் எந்தப் பிரசங்கத்திலும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, கல்லறைத் தோட்டத்து வாசலில் லூர்துவும் ஸ்டீபனும் இந்த ஆண்டுத் தேர்தலைப் பற்றி அழுகையோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதைவிடப் பொருத்தமான மரியாதை எதுவும் தோன்றவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். தியாகராய நகரில் இருக்கும் என் தங்கையும் நானும் இந்தத் தேர்தலில் வேறு வேறு பக்கம். அவள் சொன்ன ஒரு சொல்லுக்காக நான் அவள் வீட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன், கடிதமும் போடவில்லை. ஏழாம் நாள் பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போனேன். அவள் கதவைத் திறந்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல நான் போகவில்லை; கோபம் அப்படியே இருந்தது. "நீ அன்றைக்குச் சொன்னது தவறு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்" என்றேன். "இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளாச்சா? உள்ளே வா, நான் சொல்றதையும் கேளு" என்றாள். உள்ளே போனேன். மாலை வரை பேசினோம்.