தம்பியின் சேனல்

புயல் வந்தால் யார் யாரோடு எந்தச் சேனலில் பேசுவது என்று திட்டம் எழுதுவதுதான் என் வேலை. கடற்படை, கடலோரக் காவல், போலீஸ், மீன்வளத் துறை, மணலி ஆலைகள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கி ஒயர்லெஸ்ஸில் கத்தினால் யார் பேச்சும் யார் காதிலும் விழாது. அதனால் ஆளுக்கொரு சேனல் பிரித்துக் கொடுப்பேன். மீன்பிடிப் படகுகளுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. அதில்தான் தலைவலி.

நான் காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண். எங்கள் ஆட்கள் மீன்கூட்டத்தைப் பார்த்துவிட்டால் பொதுச் சேனலை விட்டு நழுவிவிடுவார்கள். இல்லாவிட்டால் ஊர்ப் படகெல்லாம் அங்கே வந்து நிற்குமே! சொந்தக்காரப் படகுகள் மட்டும் பேசிக்கொள்ள ரகசியமாக ஒரு சேனல் வைத்திருப்பார்கள். எங்கள் குடும்பத்துச் சேனலைத் தம்பி ஒருநாள் சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டு, என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

போன ஐப்பசியில் புயல் திடீரென்று எங்கள் பக்கம் திரும்பியது. மதியத்துக்குள் எல்லாப் படகுகளும் கரைக்கு வந்துவிட்டன, தம்பியும் சொந்தக்காரர்களும் போனவை தவிர. கட்டுப்பாட்டு அறையில் என் பக்கத்தில் இருந்த கடற்படை அதிகாரி, "எங்கள் கப்பல் அந்தப் பக்கம்தான் நிற்கிறது மேடம். பொதுச் சேனலில் கூப்பிட்டால் பதிலே இல்லை" என்றார்.

மீன் மாட்டியிருக்கிறது பாவிகளுக்கு! சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று சேனல் எண்ணைச் சொன்னேன். அறையில் இருந்த அத்தனை பேரும் குறித்துக்கொண்டார்கள். கப்பலிலிருந்து அதில் கூப்பிட்டதும் தம்பியே பேசினான். காற்று முற்றுவதற்குள் எல்லோரும் துறைமுகத்துக்குள் வந்துவிட்டார்கள்.

வேலை முடிந்து நான் வீட்டுக்குப் போனபோது அவன் ஈரத் துணியைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாக்கா, நம்ம சேனல ஊருக்கே சொல்லிட்டியே! இனிமே மீனு எங்க கீதுன்னு எல்லாரும் ஒட்டுக்கேட்டுகினு இருப்பானுங்க."

"உசுரு பெருசா, மீனு பெருசாடா?"

"மீனு இல்லாங்காட்டி உசுர வெச்சிகினு இன்னா பண்றது?"

கோபத்தில், அவனுக்குப் போட்டுவந்த சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அழுதேன். அவன் துணி மாற்ற உள்ளே போய்விட்டான்.

மறுவாரமே அவர்கள் வேறு சேனலுக்கு மாறிவிட்டார்கள். இந்த வருஷத்துத் திட்டத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்றுச் சாப்பாட்டின்போது, புதுச் சேனல் எது என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

தம்பி சாப்பிடுவதை நிறுத்தினான். "அக்காவா கேக்குறியா, ஆபீசரா கேக்குறியா?"

நான் அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தேன். அதைத் தொடாமலே அவன் கை கழுவ எழுந்து போனான்.