ஊசி அக்காவின் பாதித் தாடை

ஊசி அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது தைப்பதால் அல்ல. ஒரு பொத்தான்கூட அவளுக்கு ஒழுங்காகத் தைக்க வராது. அருங்காட்சியகத்தின் பின்பக்கத்து அறையில், கல்லுக்குள் சிக்கிக் கிடக்கும் பழைய எலும்புகளை ஊசியால் சுரண்டிச் சுரண்டி வெளியே எடுப்பது அவள் வேலை. பாதி ஆயுளை அதிலேயே ஓட்டியிருந்தாள். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடைபாதைக்குப் போய்த் தும்மிவிட்டு வருகிற ஆள்.

அப்படிப்பட்டவள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். வேலையில்லாமல் வீட்டில் இருந்த நாத்தனாரை, "என் வீட்டுக்காரரோட தங்கச்சி மேடம், நல்ல நிதானமான கை" என்று சிபாரிசு செய்து பக்கத்து மேசையில் உட்காரவைத்தவள் அவள்தான். ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். கொஞ்ச நாளிலேயே உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் நாத்தனாரின் மேசைப் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தார்கள். ஊசி அக்காவுக்கு அது கண்ணை உறுத்தியது.

பிறகு அந்த இரண்டு கற்கள் வந்தன. ஒரே குன்றில் பக்கம் பக்கமாகக் கிடைத்தவை. உள்ளே இருப்பது, கீரி போல ஒல்லியான வீசல், குட்டிக் கரடி போன்ற வால்வரின், நம்மூர் நீர்நாய் ஆகியவற்றின் எப்போதோ அழிந்துபோன பெரிய சொந்தக்காரன் என்றார் துறைத்தலைவி மேடம். இன்றைக்கு இருக்கிற வீசல் எலி வளைக்குள்ளேயே நுழைந்துவிடும். இதுவோ சிறுத்தை அளவு. கிடைத்த மிருகத்தை அமுக்கி, எலும்போடு சேர்த்து மென்றிருக்குமாம். மண்டையோடு இருந்த கல்லை மேடம் நாத்தனாரிடம் கொடுத்தார். ஊசி அக்காவுக்குக் கால் எலும்பு.

"உங்களுக்கு அனுபவம் இருக்கு, எதைக் குடுத்தாலும் செஞ்சிருவீங்க" என்று மேடம் சமாதானம் வேறு சொன்னார். அதை வீட்டில் நூறு தடவை சொல்லிப் புலம்பினாள். புருஷன் பொறுக்க முடியாமல், "யார் செஞ்சா என்ன, பெருமை நம்ம வீட்டுக்குத்தானே?" என்று கேட்டுத் தொலைத்தார். அன்றைக்கு அவருக்கு ஆறிப்போன சாப்பாடுதான்.

நாளாக ஆக நாத்தனாரின் கல்லிலிருந்து கோரைப்பல் எட்டிப் பார்த்தது, பிறகு கண்குழி. பார்க்கப் பார்க்க ஊசி அக்காவுக்கு வயிறு எரிந்தது. தன் மேசையில் கணுக்கால். கணுக்காலைப் பார்க்க யார் வருவார்கள்?

ஒரு நாள் அந்தக் கணுக்காலுக்குப் பின்னால் பல் தட்டுப்பட்டது. சுரண்டி முடித்தபோது கீழ்த்தாடையின் வலது பாதி முழுசாக வெளியே வந்திருந்தது. மேடம் ஓடிவந்தார்.

"இது அதே மிருகத்தோடதா, வேறயா? வேறன்னா இதுக்குத் தனிக் கண்ணாடிப் பெட்டி. கீழ உங்க பேர் மட்டும்தான்."

கல் நீக்கியவரின் பெயரைப் பெட்டிக்குக் கீழே தகட்டில் பொறிப்பது அங்கே வழக்கம். ஊசி அக்காவின் பெயரும் பல தகடுகளில் உண்டு, நத்தைக்கும் மீன் முள்ளுக்கும் அடியில், யாரும் நிற்காத மூலைகளில். இந்த ராட்சசனுக்கு அடியில் தன் பெயர் தனியாக இருந்தால்! பொருந்தக் கூடாது, பொருந்தவே கூடாது என்று மனசுக்குள் ஜபித்துக்கொண்டிருந்தாள்.

மண்டையோடு நாத்தனாருடையது என்பதால் பொருத்திப் பார்க்கும் பொறுப்பும் அவளுக்கே. தாடையை வாங்கி, மூட்டுக்குழிக்கு நேராக வைத்து, கீழிருந்து மெல்ல அழுத்தினாள். போகவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். போகவில்லை.

"சேரல மேடம். வேற மிருகம்தான்."

மேடம் மீன்களைப் பற்றிப் படித்தவர். நம்பிவிட்டார்.

ஊசி அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தக் குடும்பத்து மிருகங்களுக்கு மூட்டுக்குழியின் விளிம்பு தாடையைக் கவ்விக்கொள்ளும். கீழிருந்து தள்ளினால் ஏறாது, பக்கவாட்டில் நுழைக்க வேண்டும். நாத்தனாருக்கு அது தெரியும். நீர்நாய் மண்டையோட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்ததே ஊசி அக்காதான்.

தெரிந்தேதான் நேராக அழுத்தியிருக்கிறாள். பாவம் அண்ணி, ஒரு பெட்டி கிடைக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கிறாள்! நினைத்ததுமே ஊசி அக்காவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. கைத்திறமையில் மிஞ்சியது போதாதென்று இப்போது பெருந்தன்மையிலுமா?

"இப்படிக் குடு" என்று பிடுங்காத குறையாகத் தாடையை வாங்கினாள். பக்கவாட்டில் வைத்து நகர்த்தினாள். மெல்லிய சத்தத்தோடு உள்ளே போய் உட்கார்ந்தது. கையை எடுத்தும் விழவில்லை.

"ஒரே மிருகம்தான் மேடம்" என்றாள்.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "தனிப் பெட்டி கைக்கு வந்தும் உண்மையைச் சொன்னீங்களே! இந்த மனசு யாருக்கு வரும்?" என்று உருகினார். ஒரே தகட்டில் இரண்டு பேர் பெயரும் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனசாம்! உள்ளே கொதித்தது அவருக்கு எங்கே தெரியும்?

மேடம் போனதும் ஊசி அக்கா திரும்பினாள். "உன் தயவுல எனக்கு ஒண்ணும் கிடைக்க வேண்டாம். புரியுதா?"

நாத்தனார் கையிலிருந்த ஊசியை மேசையில் விட்டெறிந்தாள்.

"தயவா? உங்களுக்கா? இந்த மண்டையோட்டுக்குக் கீழ என் பேர் மட்டும் இருக்கணும்னு பார்த்தேன் அண்ணி! நான் எதைச் செஞ்சாலும், 'அண்ணி பழக்குன கை, வேற எப்படி இருக்கும்'னு சொல்றாங்க. எங்க அண்ணனே சொல்றாரு. கேட்டுக் கேட்டு எனக்குப் பத்திக்கிட்டு வருது. இதுலயும் வந்து ஒட்டிக்கிட்டீங்களே!"

தன்னைப் பார்த்து ஒருத்தி வயிறெரிந்திருக்கிறாள், அதுவும் யார், இவள்! ஊசி அக்காவுக்கு முகத்தில் ஏறிவந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. முக்காலியை இழுத்து நாத்தனாரின் மேசையருகே போட்டு உட்கார்ந்தாள்.

"யார் யாரெல்லாம் அப்படிச் சொல்றாங்க? ஒண்ணு விடாமச் சொல்லு."