பெர்மெசோ

இத்தாலியில் பலெர்மோ நகருக்கு வந்த மூன்றாம் மாதம், மச்சாள் என்னை ஜீசா மாளிகைக்குக் கூட்டிப்போனாள். அரபுக் கைவினைஞர்கள் ஒரு மன்னனுக்குக் கட்டிய கோடை மாளிகை, இப்போது அருங்காட்சியகம். தேன்கூடு போலச் செதுக்கிய கூரை, தரையில் பளிங்கு வாய்க்கால், ஒட்டோமான் காலத்துப் பித்தளைக் கிண்ணங்கள். அண்ணாந்து பார்த்தபடி ஒடுங்கிய வாசலை மறித்து நின்றுவிட்டேன்.

"பெர்மெசோ?" என்றார் பின்னால் சீருடையில் நின்ற காவலர்.

நான் அறிந்த பெர்மெசோ ஒன்றுதான்: வதிவிட அனுமதி அட்டை. அது இன்னும் கைக்கு வரவில்லை. விண்ணப்பித்ததற்குத் தந்த துண்டை அவசரமாக எடுத்து நீட்டினேன். அவர் திகைத்தார்.

மச்சாள் ஓடிவந்தாள். "ஐயோ மச்சாள், அவர் துண்டு கேக்கேல்லை. வழி விடட்டாம். அதுக்கும் இஞ்சை பெர்மெசோ எண்டுதான் சொல்லுறது."

துண்டைப் பார்த்த காவலருக்கும் விளங்கிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. துண்டை மடித்து என் கையில் வைத்தார். ஓரடி பின்வாங்கி, அம்மணி என்ற மரியாதையும் சேர்த்து மெதுவாக மறுபடி கேட்டார்:

"பெர்மெசோ, சிஞ்ஞோரா?"

நான் பதில் சொல்லும்வரை அவர் நகரவில்லை.

"ஓம், போங்கோ" என்றேன். தமிழில்தான் வந்தது.

பிறகு எனக்கு அட்டையும் கிடைத்தது. ஆனால் எனக்கும் இந்த ஊருக்கும் இடையில், முதல் அனுமதியைக் கொடுத்தது ஊர் அல்ல, நான்தான்.