கரியாலூரில் பார்த்த இத்திஷ் கல்யாணம்

அருவி பார்க்கத்தான் போனேன். பழைய அயல்மொழிப் படங்கள் என் பைத்தியம் என்பதால், மடிக்கணினியில் ஒன்றைப் போட்டுக்கொண்டும் போனேன். போன அக்டோபர் கடைசி, அடைமழை. கல்வராயன் மலைக்குப் போக இதைவிட மோசமான நேரம் கிடையாது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். ஏழு மணிப் பேருந்தைப் பிடித்தால் ஒன்பதுக்குள் கரியாலூர். அங்கே ஆசிரியராக இருக்கும் நண்பர் கொளஞ்சி நிறுத்தத்திலேயே இரண்டு செய்தி சொன்னார். வெள்ளத்தால் அருவிக்குத் தடை. களமருதூரிலிருந்து அவருடைய அக்கா செல்லம்மாள் வந்திருக்கிறார், கல்யாணத் தேதி குறிக்க. மகள் சரண்யா பிறந்தபோதே அவளை அக்கா மகனுக்குத் தருவதாகக் கொளஞ்சி வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது சரண்யா மாட்டேன் என்கிறாள். "அக்காகிட்ட எந்த மூஞ்ச வச்சிக்கினு சொல்றது?" என்றார்.

மத்தியானம் மழை வலுத்தது. பொழுது போக, மடிக்கணினியைக் கொளஞ்சி வீட்டு டிவியில் இணைத்துப் படத்தைப் போட்டேன். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய இத்திஷ் மொழியில், உலகப்போருக்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கீழே ஓடிய ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கொஞ்ச நேரத்திலேயே எந்தக் கதையைப் போட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. இரண்டு நண்பர்கள், பிறக்காத பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர் பிறகு வாக்கை மறந்து வேறு மாப்பிள்ளை பார்க்கிறார். பையன் செத்து, ஆவியாக அந்தப் பெண்ணுக்குள் புகுந்துவிடுகிறான். கொளஞ்சி என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! நானும் அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? ரிமோட்டை எடுத்தேன். செல்லம்மாள் நிறுத்த விடவில்லை.

நீள அங்கி போட்ட ஆண்கள் முன்னும் பின்னும் ஆடியபடி ஓதுவதும், மணப்பெண்ணோடு ஊர் ஏழைகள் நடனமாடுவதும் எனக்குப் புதிது. அவள் இடுகாட்டுக்குப் போய் இறந்த அம்மாவைக் கல்யாணத்துக்கு அழைத்தபோது செல்லம்மாள் ஆச்சரியப்படவே இல்லை. நாமும்தான் கல்யாணத்துக்கு முன் வீட்டில் இறந்த பெண்களைப் பூவாடைக்காரியாகக் கும்பிட்டுப் படைக்கிறோம் என்றார்.

கடைசியில் யூத மதகுரு, பையனின் செத்துப்போன அப்பாவைத் திரைக்குப் பின்னால் வரவழைத்து, வாக்கை விட்டுக்கொடுக்கும்படி பஞ்சாயத்து பேசுகிறார். செல்லம்மாள் தம்பி பக்கம் திரும்பினார்.

"செத்தவன இட்டாந்து ஞாயம் பேசறாங்க. நான் உசுரோட பக்கத்துலயே குந்திக்கினு இருக்கேன். என்ன ஒரு வார்த்த கேட்டியாடா?"

வந்த அன்றே சரண்யா முகத்தைப் பார்த்து, அவளுக்கு இஷ்டமில்லை என்று தெரிந்துகொண்டாராம். கொடுத்த வாக்கைத் திருப்பித் தந்துவிட்டதாகச் சொன்னார். கொளஞ்சி அழுதுவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் அருவி திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே கேளுங்கள். மலைமேல் பேருந்து கம்மி, திரும்பும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். படம் கொண்டுபோனால் கதை தெரிந்து கொண்டுபோங்கள்.

மறுநாள் பேருந்தில் மலை இறங்கும்போது செல்லம்மாள் எனக்கு முன் இருக்கையில் இருந்தார். கச்சிராயபாளையம் வந்தது. அப்புறம் திரும்பி, மகன் சின்ன வயதிலிருந்தே சரண்யா நினைப்பாகவே இருக்கிறான் என்றார்.

"அவங்கிட்ட நான்தான் சொல்லணும். அதுக்கு எதுனா படம் இருக்குதாப்பா?"