பச்சையப்பனின் திரை

எங்கள் டேட்டா சென்டரின் டீம் லீடருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சையப்பன். சுவரில் மாட்டிய பெரிய திரையில் சர்வருக்கு ஒன்றாக உள்ள கட்டங்கள் எல்லாம் பச்சையாக இருந்தால் மனிதர் பூரித்துப்போவார். ஒன்று சிவந்தால் போதும், குடும்ப மானமே போனதுபோல் ஓடிவருவார். ஓடிவந்து முதலில் அந்தச் சிவப்பைத்தான் மறைப்பார். சர்வருக்கு என்ன ஆனது என்பதெல்லாம் அப்புறம்.

அப்பா இல்லாத வீட்டில், அச்சகத்தில் வேலை செய்து இவரைப் படிக்க வைத்தவர் அவருடைய அண்ணன். அந்த அண்ணனுக்கு இப்போது சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒரு முறை தவறினாலும் மூச்சு முட்டும். அண்ணன் போகும் டயாலிசிஸ் மையத்தின் நோயாளி விவரங்கள் உள்ள சர்வர் எங்களிடம்தான் ஓடுகிறது. "எங்க அண்ணன் உயிரே என் கையிலதான் இருக்கு" என்று கேண்டீனில் கண் கலங்கச் சொல்வார். கேட்டவர்கள் உருகுவார்கள். மானிட்டரிங் மேஜையில் ஷிப்ட் பார்க்கும் எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். அவர் வேலை செய்யும் லட்சணத்தைத் தினமும் பார்க்கிறவன் ஆயிற்றே!

ஹோஸ்ட் என்பது ஒரு பெரிய இயந்திரம். அதற்குள் பல சர்வர்கள் குடித்தனம் நடத்தும். ஹோஸ்டுக்குப் பராமரிப்பு வந்தால், உள்ளே இருப்பவற்றை வேறு ஹோஸ்டுக்கு மாற்றிவிட்டு, காலியான அந்த ஒன்றின் எச்சரிக்கை அலறலை, அதாவது அலர்ட்டை மட்டும், வேலை முடியும்வரை மட்டும் அடக்கி வைக்க வேண்டும். பச்சையப்பனா அப்படிச் செய்வார்? மொத்த ஹோஸ்டுகளையும் ஒரே சொடுக்கில் வாயடைத்துவிடுவார். அடக்கிய கட்டமும் பச்சையாகவே தெரியும்படி திரையை மாற்றி வைத்ததும் இந்த மகானுபாவர்தான்.

அன்று காலை ஒரு ஹோஸ்டுக்குப் பராமரிப்பு வந்தபோதும் அதையே செய்தார்.

"சார், அந்த ஒண்ணை மட்டும் அடக்கினா போதுமே. மத்ததுலதான் இப்ப லோடு ஏறியிருக்கு" என்றேன்.

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்ப்பா. பெரிய சார் ரவுண்ட்ஸ் வர்ற நேரம். கொய்ங் கொய்ங்னு கத்திக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

பெரிய சார் வந்தார், திரையைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். பச்சையப்பன் முகத்தில் அப்படியொரு பவிசு.

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி அழைத்தார். ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் பேசுவதுதான் இவர் வழக்கம்.

"என்னங்க, இங்க சென்டர்ல கம்ப்யூட்டர் எதுவும் ஓடல. போன தடவை விவரத்தைப் பார்க்காம மெஷின்ல போட மாட்டேங்கிறாங்க. உங்க அண்ணனுக்கு மூச்சு வாங்குதுங்க."

இவர் நிதானமாகத் திரையைப் பார்த்தார். "இங்க எல்லாம் பச்சையாத்தானே இருக்கு. அங்க வயர் ஏதாவது கழண்டிருக்கும், பார்க்கச் சொல்லு."

"அப்ப அந்தப் பச்சையை இங்க கொண்டாந்து உங்க அண்ணன் கையில ஏத்துங்க!"

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அவரைக் கேட்காமலே அலர்ட்டுகளைத் திறந்துவிட்டேன். பாதித் திரை சிவந்தது, அறை முழுக்க அலறல். மாற்றி ஏற்றிய சுமையில் பக்கத்து ஹோஸ்டின் நினைவகம் நிரம்பி, டயாலிசிஸ் சர்வர் எப்போதோ விழுந்துகிடந்தது. அதை இடமிருந்த இன்னொரு ஹோஸ்டுக்குத் தூக்கிப் போட்டு ஓடவிட்டேன். பச்சையப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கே பாவமாக இருந்தது.

மற்ற சர்வர்களை நான் ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டிருந்தபோது அண்ணனே அழைத்தார். குரல் தேய்ந்திருந்தது.

"தம்பி, மெஷின்ல போட்டுட்டாங்கடா. நீ அங்க இருக்கப்போய்த்தான் நான் இன்னிக்குப் பொழச்சேன்."

பச்சையப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை. "அதெல்லாம் என் கடமைண்ணே" என்றார்.

த்தூ என்று வந்தது எனக்கு. அவர் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு கட்டங்கள் சிவப்பாகக் கத்திக்கொண்டிருந்தன.

"பெரிய சார் திரும்பவும் இந்தப் பக்கம் வர்றாராம்ப்பா," என்றார். "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கிடேன்."