அண்ணன் கட்டிய கில்ட்

"அது என்ன ஆக்களின்ர துணி?" என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டபோது நான் சிட்னியில் பென்டில் ஹில் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். துணியிடம் சாதி விசாரிக்கிற மனிதர் உலகத்தில் வேறு எங்கேயும் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. என் குடும்பத்தில் ஒருவர் இருக்கிறார். "ஆட்டு மயிரில நெய்தது அண்ணா, ஆட்டைத்தான் கேக்க வேணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நடந்தது இதுதான். என் மகன் தனக்குப் பிடித்த ஒரு பெண்ணைத் தானே தேடிக்கொண்டான். பெண் வெள்ளைக்காரி. அவளுடைய தகப்பன் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய பாட்டனோ பூட்டனோ ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவராம். இந்த மனிதர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. இருந்தும் கலியாணம் என்றாலும் செத்தவீடு என்றாலும் கில்ட் அணிந்துதான் நிற்பார். கில்ட் என்பது முழங்கால்வரை வரும் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை. அந்தக் கட்டத்தை டார்டன் என்கிறார்கள். குலத்துக்கொரு நிறம், குலத்துக்கொரு கட்டம். முழங்கால் தெரிய நிற்கிற அந்தக் கிழவரைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்ததுதான். ஆனால் அவரிடம் வஞ்சகம் இல்லை. மாப்பிள்ளை பக்கத்து ஆண்களும் கில்ட் போட்டால் தனக்குச் சந்தோஷம் என்றார். எங்களுக்குக் குலம் கிடையாதே என்று மகன் கேட்டதற்கு, "பிடித்த கட்டத்தைப் போடுங்கள். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கையை விரித்தார்.

யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் கேட்டது அண்ணனைச் சந்திக்காததால்.

என் கணவர் இறந்துவிட்டார். ஆகவே மகனுக்குத் தகப்பன் இடத்தில் நிற்கவேண்டியவர் தாய்மாமன், அதாவது என் அண்ணன். காலையில் கோயிலில் தாலிகட்டு. பின்னேரம் மண்டபத்தில் அவர்களுடைய முறைப்படி வரவேற்பு. அதில் மூன்று பேர் கில்ட் அணியவேண்டும்: மாப்பிள்ளை, மாமன், தோழன். தோழனாக மகன் யாரை நினைத்திருந்தான் என்பதுதான் பிரச்சினை. அவன் நினைத்திருந்தது அண்ணனுடைய மருமகனை. அண்ணன் தன் வாயால் ஒருநாளும் மருமகன் என்று சொல்லாத அந்தப் பிள்ளையை.

அண்ணனுக்கு ஒரே மகள். மெல்பேர்ணில் படிக்கப்போன இடத்தில் அவள் ஒருவனை விரும்பினாள். தமிழன், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர், ஆஸ்பத்திரியில் நல்ல வேலை, மரியாதையான பிள்ளை. அண்ணன் லண்டனில் இருக்கிற ஒருவருக்கும் ரொறொன்ரோவில் இருக்கிற ஒருவருக்கும் தொலைபேசி எடுத்தார். ஒரு பின்னேரத்துக்குள் அந்தப் பிள்ளையின் பாட்டனார் என்ன தொழில் செய்தவர், எந்த ஒழுங்கையில் இருந்தவர், எந்தக் கோயிலின் எந்த வாசலோடு நின்றவர் என்பதெல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டது. இந்தத் திறமைக்கு இவர் பொலிஸில் சேர்ந்திருக்கலாம். மகளிடம், "அவன் இந்த வாசற்படி மிதிக்கக்கூடாது" என்றார். அவள், "அப்ப நானும் மிதிக்கேல்ல" என்றாள். அவனையே கட்டிக்கொண்டு மெல்பேர்ணில் இருந்துவிட்டாள், மிதிக்கவில்லை. அண்ணி மட்டும் வென்ட்வேர்த்வில் பலசரக்குக் கடைக்குள் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று தொலைபேசியில் மகளோடு கதைத்துவிட்டு, மிளகாய்த்தூள் வாங்க இவ்வளவு நேரமா என்று வீட்டில் ஏச்சு வாங்குவாள்.

கலியாணத்துக்கு வரச்சொல்லி நான் தொலைபேசியில் அழைத்தபோது அண்ணனுடைய மகள் சொன்னாள், "அப்பா இருக்கிற கோயிலுக்கு வந்து அவற்ற முதுகைப் பாத்துக்கொண்டு என்னால இருக்கேலாது மாமி. பின்னேரம் வாறம். ஆனா இவரை ஒரு மூலைக் கதிரையில இருத்தினியளெண்டால் நான் அப்பவே எழும்பிப் போடுவன்." என் மகன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். "அவர் மேடையில என்னோட நிப்பார்" என்றான். மாமா எழும்பிப்போனால் என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். அண்ணன் போய்விட்டால் மகனுக்குப் பெரியவர் என்று நிற்க ஆளில்லை. அவர் நிற்கவேண்டுமென்றால் அந்தப் பிள்ளையை மூலையில் இருத்தவேண்டும், இருத்தினால் அவருடைய மகள் நிற்கமாட்டாள். எனக்கு இரண்டு பேரும் வேண்டும். அண்ணனை எவ்வளவு திட்டினாலும் அவர் என்னைத் தூக்கி வளர்த்தவர்.

அந்த நாட்களில் அண்ணனுக்கு வேறொரு கவலை. பெண்வீட்டாரின் குலத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருந்தார். லண்டனும் ரொறொன்ரோவும் இதற்கு உதவாது என்பதால் இணையத்தில் இறங்கினார். இரண்டு கிழமை கழித்து கிரவீனில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து, ஆரோ செத்த செய்தி சொல்ல வந்தவரைப்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, உவை தனிக் குலம் இல்லை. ஒரு பெரிய குலத்துக்குக் கீழ அண்டி இருந்த ஆக்கள்."

"அதுக்கென்ன அண்ணா?"

"அதுக்கென்னவோ? கீழ இருந்த ஆக்கள் எண்டுறன்."

நான் தேத்தண்ணீர் போட எழும்பிவிட்டேன். இருந்திருந்தால் வாயில் ஏதாவது வந்திருக்கும். எனக்குத் தெரிந்தவரை ஸ்கொட்லாந்தில் இன்றைக்கு இதையெல்லாம் ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. இருநூறு வருடத்துக்கு முந்தி யாரோ யாருக்கோ ஆடு மேய்த்த கதையை, கடல் கடந்து வந்த யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் மேற்குச் சிட்னியில் உட்கார்ந்து தோண்டி எடுத்து, அதற்காகத் துக்கப்படுகிறார். பெண்ணின் தகப்பனுக்குக்கூட அது தெரிந்திருக்காது.

அதற்கு அண்ணனே ஒரு பரிகாரமும் கண்டுபிடித்திருந்தார். நாங்களாவது பெரிய குலத்தின் கட்டத்தைப் போடவேண்டும். அப்போதுதான் சபையில் எடுப்பாக இருக்குமாம்.

பரமற்றா பக்கத்தில் கில்ட் விற்கிற ஒரு கடைக்கு நான், மகன், அண்ணன் மூவரும் போனோம். உள்ளே போனதும் அண்ணன் நேரே போய்ச் சிவப்பு நிறத்தில் கண்ணைப் பறிக்கிற ஒன்றைத் தொட்டார். அது எந்தக் குலம், அவர்களுக்குக் கோட்டை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள் விற்கிற பெண். அண்ணனுடைய முகம் மலர்ந்தது. அவள் பேச்சுக்குத்தான், அந்தக் குலத்தோடு உங்களுக்கு ஏதும் தொடர்பு உண்டா என்று விசாரித்தாள். என் அண்ணன் கண் இமைக்காமல், "கலியாண வழியில் உறவு" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அடுத்த ஊர்ப் பிள்ளையைக் கலியாண வழியில் உறவென்று ஏற்காத வாய் அது. கோட்டை வைத்திருக்கிற வெள்ளைக்காரனோடு ஒரு நொடியில் சம்பந்தம் கலந்துவிட்டது.

பிறகு அவர் விலையைப் பார்த்தார். நல்ல கம்பளி, கையால் மடிப்புத் தைத்தது. கோட்டைக்காரர்களோடு வந்த உறவு அந்த இடத்திலேயே அறுந்தது. இருமிவிட்டு, "சூடான துணி, இஞ்சத்தை வெக்கைக்குச் சரிவராது" என்று தமிழில் எங்களுக்கு விளக்கம் சொன்னார். மலிவில் என்ன இருக்கிறது என்று மகன் கேட்டான். பொலியெஸ்ரர் கலந்த துணியில் சில கட்டங்கள் மட்டும் இருந்தன. கரும்பச்சையும் கருநீலமும் கலந்த ஒன்றை அந்தப் பெண் எடுத்துக் காட்டினாள். எந்தக் குலத்தவரும் போடலாம், குலம் இல்லாதவரும் போடலாம் என்றாள். குலம் இல்லாதவர் என்றதும் அண்ணன் யாரோ வசவு சொன்னதுபோலப் பார்த்தார். மகன் அவரைக் கவனிக்காமல் அதில் மூன்று எடுத்தான்.

"மூண்டாவது ஆருக்கு?" என்றார் அண்ணன்.

"என்ர தோழனுக்கு மாமா. மெல்பேர்ணில இருந்து வாறார்."

கூடப் படித்தவன் யாரோ என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். அவருக்கு இன்னமும் அந்தச் சிவப்பின் மேல் கண். துணிக்கெல்லாம் சாதி விசாரித்த மனிதர், அந்தத் துணியைக் கட்டப்போகிற ஆளைப்பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நானும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காருக்கு நடந்தோம்.

கலியாணத்தன்று கோயில் காரியங்கள் குறையில்லாமல் நடந்தன. பின்னேரம் மண்டபத்தில் உடை மாற்றும் அறைக்குள் அண்ணன் தனியாகப் போனார். அவர் கழற்றிக் கொடுத்த காற்சட்டையை அண்ணி வாங்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் கதவுக்குள் இருந்து, "பிள்ளை, ஊசி கொண்டு வா" என்று குரல் வந்தது. போய்ப் பார்த்தேன். வேட்டியும் சேலையும் பார்த்துப் பழகிய மனிதர், மடிப்பு முழுவதையும் முன்னுக்கு வைத்துக் கொசுவம்போல வயிற்றில் செருகியிருந்தார். மட்டமாக முன்னால் வரவேண்டிய பக்கம் பின்னால் இருந்தது. வார்கள் எட்டவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையை விட்டால் விழுந்துவிடும்.

"எனக்கு உது தெரியாது அண்ணா. தெரிஞ்ச ஆளை அனுப்புறன்" என்றேன்.

இணையத்தில் பார்த்துக் கட்டப் பழகி, அப்போதுதான் வந்து என் மகனுக்குக் கட்டிவிட்டு நின்ற அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உள்ளே போகச் சொன்னேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு போனார். நான் கதவைச் சாத்தவில்லை. அண்ணன் தலையை நிமிர்த்தினார். அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. எழும்பிப்போகிற மனிதர்தான், ஆனால் காற்சட்டை காரில் இருந்தது.

"மாமா, கையை எடுங்கோ, நான் பிடிக்கிறன்" என்றார் அந்தப் பிள்ளை. அதே கரும்பச்சைக் கட்டம் அவருடைய இடுப்பிலும் இருந்தது. அண்ணன் கையை எடுத்தார். மருமகன் முழந்தாளிட்டு மடிப்பைப் பின்னால் திருப்பி, இரண்டு பக்கத்து வாரையும் இழுத்துப் பூட்டி, முன்னால் தோல்பையைத் தொங்கவிட்டு, காலுறையை மடித்துவிட்டார். அண்ணன் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றார். நன்றி என்று ஒரு சொல் வரவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு ஒரு அறை கொடுக்கவேண்டும் போல இருந்தது எனக்கு.

வெளியே பெண்ணின் தகப்பன் தன்னுடைய கில்ட்டோடு காத்திருந்தார். மூன்று பேரும் வரிசையாக வந்ததைக் கண்டதும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனுடைய தோளில் ஒரு கையும் மருமகனுடைய தோளில் ஒரு கையும் வைத்தார். ஒரே கட்டம் போட்டவர்கள் ஒரே குடும்பம் என்பதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. "இவர் உங்களுக்கு என்ன முறை?" என்று அண்ணனைக் கேட்டார்.

சுவரோரம் அண்ணனுடைய மகள் நின்றாள். பக்கத்தில் அண்ணி. அண்ணன் பெண்ணின் தகப்பனைப் பார்த்தார், தன் இடுப்பில் இருந்த வாரைத் தொட்டுப் பார்த்தார். கடையில் சொன்ன அதே சொற்களைத்தான் சொன்னார்.

"கலியாண வழியில் உறவு."

பெண்ணின் தகப்பன் தலையாட்டிவிட்டு அவர்களை மேடைக்குக் கூட்டிப்போனார். படம் எடுத்தார்கள். அண்ணன் எழும்பிப் போகவில்லை. அண்ணி அழுதாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் கூட. இந்த ஒரு வார்த்தைக்காக ஒரு தாய் அரிசி மூட்டைக்குப் பின்னால் இத்தனை வருடம் ஒளிந்து நின்றிருக்கிறாள். அதை இவர் வாயிலிருந்து எடுக்க ஒரு பொலியெஸ்ரர் பாவாடை தேவைப்பட்டது.

நான் அண்ணனுடைய மகளுக்குக் கிட்டப் போய், "கேட்டனியோ? அப்பா சொல்லிப்போட்டார்" என்றேன்.

அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓம் மாமி, கேட்டனான்" என்றாள். "வெள்ளைக்காரருக்கு இங்கிலிசில சொன்னவர். எங்கட ஆக்களுக்குத் தமிழில சொல்லட்டும், வீட்டை வாறன்."