டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?

செவ்வாய்க்கிழமை காலை சுங்கை வேயிலிருந்து போன் வந்தது. "அங்கிள், அப்பா போயிட்டாரு" என்றாள் என் நண்பன் முனியாண்டியின் மகள். முதல் நாள்தான் போனில் என்னைக் கிண்டல் செய்திருந்தான், பாவி.

கிள்ளானில் நாங்கள் இருவரும் அரசாங்க ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்டுகளாக இருந்தோம். தையல் போடுவோம், ஊசி போடுவோம், டாக்டர் எழுதும் மருந்தைக் கொடுப்போம். அவனை அறிந்த உங்களுக்கு இது தெரியும். நான் பயந்தாங்கொள்ளி என்பதும் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஷா ஆலத்தில், தொழிற்சாலை ஆட்களுக்கான ஒரு தனியார் கிளினிக்கில் என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அரசாங்கச் சம்பளம் அறுநூற்றைத் தொடவில்லை. இரண்டாவது பிள்ளை பிறக்கவிருந்தது, பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாடகையும் ஏறியிருந்தது. மாதம் எண்ணூறு வெள்ளி சம்பளம் கேட்கலாமா, கேட்டால் துரத்திவிடுவார்களா என்று ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேர்காணலுக்குத் தன் மோட்டார்சைக்கிளில் என்னை ஏற்றிப்போன முனியாண்டி, "எண்ணூறுன்னு சொல்லிட்டு வாய மூடிக்க லா. நீயே கொறச்சிடாத" என்றான்.

உள்ளே போய், எண்ணூறு என்றேன். மேனேஜர் மறுபேச்சில்லாமல் தொள்ளாயிரம் தருவதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே ஓடிவந்து, ஆயிரம் கேட்கலாமா என்று முனியாண்டியின் காதில் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. அவன் வெளியே காத்திருந்தபோது, மருத்துவ விடுப்புக்கான எம்.சி. புத்தகம் கவுண்டரில் திறந்து கிடந்திருக்கிறது. பெயர் எழுதாத தாள்களில் எல்லாம் டாக்டரின் கையெழுத்து முன்கூட்டியே போட்டிருந்ததாம்.

"கேட்டதுக்கு மேல குடுக்கிறான்னா, அது டாக்டர் இல்லாம நீ செய்யப்போற டாக்டர் வேலைக்குச் சம்பளம்டா. டாக்டர் எத்தன மணிக்கு வருவாருன்னு கேளு. வேலை லெட்டர்ல எழுதித் தரச் சொல்லு."

கேட்டால் வேலை போய்விடும் என்று கெஞ்சினேன். அப்போதுதான், ஆஸ்பத்திரிக்கு வருமுன் எஸ்டேட் மருந்தகத்தில் வேலை செய்த காலத்தைச் சொன்னான். அங்கே டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் இவன் தனி ஆள். இவன் ஊசி போட்ட ஒரு பெண் குழந்தை, சில நிமிடங்களில் மூச்சு முட்டி இறந்துவிட்டது.

"அவ அப்பா என்னை ஒரு வார்த்த ஏசல. 'நீங்க என்ன செய்வீங்க, டாக்டர்'னாரு. டாக்டர்னே கூப்பிட்டாரு."

உள்ளே போய்க் கேட்டேன். மேனேஜர் வேலைக் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அவ்வளவுதான், வேலை போயிற்று. வீட்டில் மனைவி முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கோபத்தில் முனியாண்டியோடு பேசுவதையே நிறுத்தினேன்.

பிறகு பங்சாரில் ஒரு கிளினிக்கில் டாக்டரின் நேரத்தை முதலில் கேட்டேன், சம்பளத்தை அப்புறம். சம்பளம் எழுநூறுக்கு மேல் ஏறாது என்றார்கள். பயந்துகொண்டே சேர்ந்தேன். மூன்றாம் மாதம், நான் ஊசி போட்ட லோரி டிரைவருக்கு உதடு வீங்கி மூச்சு திணறியது. கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து டாக்டர் ஓடிவந்தார். ஆள் பிழைத்தான்.

அன்று மாலை சுங்கை வேக்குப் போய் முனியாண்டியிடம் சொன்னேன். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவன் கேட்கவில்லை. "டாக்டர் இருந்தாரா?" என்றான். இருந்தார் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவனை எடுக்கும்போது பக்கத்து வீட்டு ஆன்டி, "நம்ம டாக்டர் போயிட்டாரே" என்று அழுதார். அவன் இருந்திருந்தால், 'நான் டாக்டர் இல்ல' என்று திருத்தியிருப்பான். அவனுக்காக நான் திருத்தப் போனேன், அவர் அழுகையைப் பார்த்து விட்டுவிட்டேன்.

கிளினிக்கில் என்னையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். "டாக்டர் உள்ள இருக்காரு" என்று சொல்லிவிடுவேன். சொல்வதற்கு முன், டாக்டர் அறைக் கதவைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.